கரடி குடியிருக்கும் கட்டைகள்

மே மாதத்தின் கடைசிச் செவ்வாய்.
ஔலு நூலகத்து மாடியில்
கம்பளிக் காலுறை போட்ட எட்டுப் பிள்ளைகள்
வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள்.
மர்யுக்கா மேளத்தை நகத்தால் சுரண்டினாள்:
கரடி தூங்குகிறது என்று அர்த்தம்.
ஒரே ஒரு தட்டு:
விழித்துவிட்டது என்று அர்த்தம்.
எட்டுப் பேரும் அலறி ஓடினார்கள்.
கீழே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த யாரோ
அண்ணாந்து பார்த்திருப்பார்.

அங்கே யாரும் தப்பு செய்ததில்லை.
கிலுகிலுப்பை முந்திக்கொண்டால் அது மழை.
பிந்தினால் கூரைச் சொட்டு.
எதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள் மர்யுக்கா.

செப்டம்பரில் சாய்மாவுக்கு ஆறு வயது.
இசைப்பள்ளி, பன்னிரண்டாம் எண் அறை.
ஒரு பியானோ. ஒரு முக்காலி. ஒரு சன்னல்.
எல்லாம் ஒன்றொன்றாக இருப்பதை
வாசலில் நின்றபடியே எண்ணினாள்.
"மத்தவங்க எங்க உட்காருவாங்க?"

ஈலிஸுக்கு இருபத்து மூன்று வயது,
வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்.
அவனிடம் பதில் இல்லை.
என்னிடமும்தான்.

முதல் பாடத்தில் அவள் தொப்பியைக் கழற்றவில்லை.
இரண்டாவதில்
பியானோவுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.
மூன்றாவதில் ஈலிஸும் அடியில் நுழைந்தான்,
நெட்டைக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
கையை மட்டும் மேலே நீட்டி
கண்ணால் பாராமல் ஒரு கட்டையை அழுத்தினான்.
மரத்தின் வயிறு உறுமியது.
"இங்கதான் படுத்திருக்கு" என்றாள்.
"எது?" என்றான் ஈலிஸ்.
இதுகூடத் தெரியாத ஆளா
என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

நான் பனி வாரும் வண்டி ஓட்டுபவன்.
எனக்குத் தெரிந்த தாளம்
வண்டி பின்னால் நகரும்போது கத்துகிற மணி.
"இந்த ரெண்டு கறுப்பும் உங்களுக்கு" என்றான்,
"இடது ஓரம். நிதானமா. கரடி நடக்கிற மாதிரி."
என் விரல் தடிமனுக்கு
பக்கத்து வெள்ளையும் சேர்ந்து முனகியது.

வலப்பக்கத்தில் சாய்மா
மூன்று கறுப்புக் கட்டைகளில்
ஏழு பேரை ஓடவிட்டாள், பெயர் சொல்லிச் சொல்லி:
டாய்மி ஓடுறா, வெய்க்கா ஓடுறான்,
டுயிஸ்கு விழுந்துட்டான், எழுந்துட்டான்.
சட்டென்று நிறுத்தினாள்.
"அப்பா, நீ பிந்துற."

மழை என்று சொல்லலாமா, சொட்டு என்று சொல்லலாமா,
யோசித்தேன். சொல்லவில்லை.
மறுபடி வாசித்தேன்.
மறுபடி பிந்தினேன்.
அவள் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது.
போகும்போது மறந்துவிட்டுப் போனோம்.

வீட்டில் பியானோ இல்லை.
சாப்பாட்டு மேசை விளிம்பில் வாசித்தாள்,
பேருந்து சன்னலின் உறைபனியில் வாசித்தாள்,
கஞ்சி ஆறிப்போகும்வரை
கிண்ணத்தைச் சுற்றி வாசித்தாள்.
"சாப்பிடு" என்றால்
"இன்னும் மூணு பேர் வீட்டுக்கு வரல" என்றாள்.

ஒருநாள் கடையில் மர்யுக்காவைப் பார்த்தோம்.
கையிலிருந்த பால் அட்டைப்பெட்டியை
நகத்தால் சுரண்டினாள் அவள்.
சாய்மா நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.
பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து,
"அது இப்ப அங்க இல்ல.
பன்னிரண்டாம் நம்பர்ல இருக்கு."
மர்யுக்கா பாலைக் கூடையில் வைத்தாள்.
வேறு எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நவம்பரில் முதல் பெரும்பனி.
இருட்டில் தொடங்கிய வேலை இருட்டும்வரை நீண்டது.
பக்கத்து வீட்டுக்காரி சாய்மாவைக் கூட்டிப்போயிருந்தாள்.
பாடத்தில் பாதி நேரம் போன பிறகே
நான் படியேறினேன்.

கதவுக்குப் பின்னால்
இடது ஓரத்தில் கரடி நடந்துகொண்டிருந்தது.
ஈலிஸின் விரலா, அவளுடையதேயா,
வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.
யாராக இருந்தாலும் பிந்தவில்லை.
மேலே குழந்தைகள் ஓடினார்கள்.
இந்த முறை யாரும் பெயர் சொல்லவில்லை.

கையுறையைக் கழற்றினேன்.
தட்டுவதற்கு விரலை மடக்கியும்விட்டேன்.
அந்த நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில்
எந்த இடத்தில் தட்டுவது?

என் பூட்ஸிலிருந்து பனி உருகி
நடைக்கூடத்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது,
ஒவ்வொரு சொட்டும்
கொஞ்சம் பிந்தி.